எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைச்சாச்சுன்னு யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம இணைப்புல கேம் ஆஃப் த்ரோன்ஸ்ங்கற இங்கிலீஷ் டிவி சீரியல் பத்தி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீங்க, தமிழ்ப் பேப்பர்ல இதுக்கெல்லாம் எடம் குடுக்கறதே பெரிய விஷயம், அதுக்கு மொதல்ல நன்றி. ஆனா கடைசிப் பத்தில, சீரியல் 2019லயே முடிஞ்சு எல்லாக் கேள்விக்கும் பதிலும் சொல்லியாச்சு, ரசிகர்கள் தான் வேற வேலை இல்லாம இன்னும் தோண்டிக்கிட்டு இருக்காங்கன்னு எழுதி, பக்கத்துல கேள்வி பதில்னு ஒரு பெட்டிச் செய்தி வேற போட்டிருந்தீங்க பாருங்க, அங்க தான் எனக்கு சுருக்குன்னுச்சு. அந்தப் பெட்டில இருந்ததுல பாதி டிவிக்காரங்க சொன்ன பதில், அதுக்கு மூலமான புக்கெல்லாம் எழுதின ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் சொன்னது இல்ல. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கினா புதுசாப் படிக்க வர்ற புள்ளைங்க எத நம்பும்? (சீரியலும் பாக்காம புக்கும் படிக்காம இருக்கறவங்க இங்கயே நிறுத்திட்டு அடுத்த லெட்டருக்குப் போயிடுங்க, கீழ முழுக்க ஸ்பாய்லர் தான்.)

மொத அந்தக் கத்தி விஷயம். ஸ்டார்க் வீட்டுச் சின்னப் பையன் ப்ரான் மேலேருந்து விழுந்து நினைவில்லாமக் கெடக்கறப்ப ஒருத்தன் வலேரியன் எஃகுங்கற அபூர்வ எஃகுல செஞ்ச கத்தியோட கொல்ல வர்றான்ல, அவன அனுப்பினது யாரு? உங்க பெட்டில சூழ்ச்சிக்கார மந்திரி லிட்டில்ஃபிங்கர்னு ஒத்த வார்த்தைல முடிச்சுட்டாங்க. சீரியல்லயே 7வது சீசன் கடைசி எபிசோட்ல ப்ரான் அக்கா ஆர்யா சொல்றது கத்தி அவனோடதுங்கறது மட்டும் தான், ஆள அனுப்பினது இன்னார்னு யாரும் வாயத் தொறந்து சொல்லல. புக்ல பதில் வேற. 2000ல வந்த மூணாவது புக்ல, ராபர்ட் ராஜாவோட மகன் ஜோஃப்ரி கல்யாணத்தன்னிக்குக் காலைல தாய்மாமன் டிரியன் அவனுக்கு ராஜாக்களோட வரலாறுன்னு ஒரு அபூர்வமான பழைய புஸ்தகத்தப் பரிசாக் குடுக்கறான், தாத்தா ஒரு வலேரியன் வாள் குடுக்கறார், பையன் அந்த வாள எடுத்து அந்தப் புஸ்தகத்தையே வெட்டிக் கூறு போடறான். வாள் ரொம்பக் கூர்மை பாத்துன்னு பக்கத்துல இருந்தவர் சொல்றப்ப, வலேரியன் எஃகு எனக்கொண்ணும் புதுசில்லங்கற மாதிரி ஒரு வார்த்தைய விடறான், அவ்ளோ தான், டிரியனுக்குப் பொறி தட்டிடுது. இந்தப் பக்கம் டிரியனோட அண்ணன் ஜெய்மி தனியா யோசிச்சு அதே முடிவுக்கு வர்றான், ராபர்ட் ராஜா குடிச்சுட்டு இந்தப் பையன் இப்படிக் கெடக்கறதுக்குச் செத்தாத் தேவலன்னு உளறினத மகன் கேட்டிருக்கான், அப்பன்கிட்ட ஒரு ஷொட்டு வாங்கறதுக்காகச் செஞ்சிருக்கான். ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசாமலே ஒரே எடத்துக்கு வர்றாங்க, ஆனா ஜோஃப்ரி நாந்தான்னு ஒத்துக்கறதே இல்ல, அதுக்குள்ள செத்தும் போயிடறான். வாசகன் தான் ரெண்டு முனையையும் முடி போட்டுக்கணும். இதத் தான் நீங்க வேலை இல்லாத வேலைங்கறீங்க.

இதுல நான் சொல்ல வர்றது என்னன்னா, மார்ட்டின் கேள்விய எறிஞ்சுட்டு மறந்து போற ஆளு இல்ல. ராஜாவோட பிரதான மந்திரி ஜான் ஆரின எவன் கொன்னான்ங்கறதுல தான் 1996ல மொத புக்கே ஆரம்பிக்குது, ப்ரான் அப்பா நெட் ஸ்டார்க் அதத் தேடிப் போயித் தான் தலையக் குடுக்கறாரு, எல்லாரும் டிரியனோட லானிஸ்டர் குடும்பத்தச் சந்தேகப்படறாங்க, சண்டையே வந்துடுது. அதுக்கு பதில் நாலு வருஷம் கழிச்சு மூணாவது புக்ல வருது, அதுவும் எப்படி, ஜான் ஆரின் பொண்டாட்டி லைசாவே அழுதுக்கிட்டு நீ சொல்லித் தானே நான் விஷம் வச்சேன்னு லிட்டில்ஃபிங்கரப் பாத்துப் பொலம்பறா, அடுத்த நிமிஷம் அவன் அவளக் கீழ தள்ளிவிட்டுடறான். அத மொதத் தடவ படிச்சுட்டு பழைய அத்தியாயத்தத் திரும்பப் பொரட்டாதவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. ஒரு தடவ இப்படி பதில வசூல் பண்ணின வாசகன் அடுத்த பாக்கியையும் கேக்கத் தானே செய்வான்?

நெட் தன் மகன்னு சொல்லி வளத்த ஜான் ஸ்னோவோட அம்மா யாருன்னும் அப்படித் தான். இந்தக் கதைய டிவிக்குப் பண்றோம்னு பெனியாஃபும் வைஸும் 2006ல போயி மார்ட்டினோட ஒக்காந்து சாப்பிட்டப்ப அவர் கேட்ட கேள்வியே அது தான், அவங்க சரியாச் சொன்னதால தான் கதை கைக்கு வந்துச்சுங்கறது எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. புக்ல இத எங்கயும் நேரா எழுதல, நெட்டுக்குக் காய்ச்சல்ல வர்ற கனவுல தங்கச்சி லியானா ரத்தப் படுக்கைல கெடந்து சத்தியம் பண்ணச் சொல்றது, அங்கங்க வர்ற நீல ரோஜா, டார்கேரியன் ராஜகுமாரி டெனேரிஸுக்குக் காட்சி தெரியற வீட்டுல பனிச் சுவர்ல மொளச்ச நீலப் பூ, இவ்ளோ தான் குடுத்திருக்கார். இத வச்சு வாசகர்கள் சீரியல் பொறக்கறதுக்கு பல வருஷம் முன்னாடியே லியானாவும் டெனேரிஸோட அண்ணன் ரேகரும் தான் பெத்தவங்கன்னு கண்டுபிடிச்சுட்டாங்க, சீரியல் அத 2016 ஜூன்ல 6வது சீசன் கடைசில தான் ஒத்துக்கிச்சு. அப்ப வேலை வெட்டி இல்லாதவங்க சொன்னது சரியாப் போச்சா இல்லையா? இன்னொண்ணு, லியானா கெடந்த கோபுரத்து வாசல்ல நடந்த சண்டைல நெட்டோட உயிரோட திரும்பினது ஒரே ஆளு, ஹவுலண்ட் ரீட், அவர் இன்னிவரைக்கும் புக்ல நேரா வரவே இல்ல, அவருக்கு ரொம்ப விஷயம் தெரியும், அதான் உள்ள விடலன்னு மார்ட்டினே சொல்லிட்டார். கதாசிரியரே சாட்சிய ஒளிச்சு வச்சிருக்கறப்ப கேஸ் முடிஞ்சுதுன்னு நீங்க எப்படி எழுதலாம்?

பெட்டில இருந்த அடுத்த தப்பு கோல்ட்ஹேண்ட்ஸ். ப்ரான் கோஷ்டிய வடக்குப் பனிச் சுவருக்கு அந்தப்பக்கம் கூட்டிக்கிட்டுப் போறாரே, கறுத்துப் போன கையோட, பெரிய எல்க் மான் மேல ஏறி, அவர் ப்ரானோட சித்தப்பா பெஞ்சன் தான்னு போட்டுட்டீங்க. சீரியல்ல 6வது சீசன்ல பெஞ்சன் தான் அந்த வேலையச் செய்றாரு, வாஸ்தவம். ஆனா அஞ்சாவது புக்கோட கையெழுத்துப் பிரதி டெக்சஸ் ஏ அண்ட் எம் யுனிவர்சிட்டில குஷிங் லைப்ரரில இருக்கு, அதுல மார்ஜின்ல அவரோட எடிட்டர் இது பெஞ்சனான்னு கேட்டிருக்காங்க, மார்ட்டின் நோன்னு எழுதி வச்சிருக்கார். ஒரு ரசிகர் போயி அதப் பாத்து வெளிய சொன்னது தான். அதுவும் தேவையில்ல, புக்லயே லீஃப்ங்கற காட்டுக் குழந்தை அவரப் பத்தி ரொம்ப காலம் முன்னாடியே கொன்னுட்டாங்கன்னு சொல்லுது, அந்த இனம் நூத்துக்கணக்கான வருஷம் வாழற இனம், அதுக்கே ரொம்ப காலம்னா எவ்ளோ காலம்னு பாத்துக்குங்க, பெஞ்சன் காணாமப் போனது மொத புக்ல, நேத்து மாதிரி. சரி பெஞ்சன் இல்லன்னா யாரு? அது தெரியாது. தெரியாதுன்னு போட்டிருந்தா நான் இந்த லெட்டரே எழுதியிருக்க மாட்டேன்.

நீங்க பெட்டில சேக்கவே சேக்காத ஒரு கேள்வி தான் என்னப் பொறுத்தவரைக்கும் எல்லாத்தையும் விடப் பெருசு, ஏன்னா சீரியல்ல அந்தப் பையனே கெடையாது. 2011ல வந்த அஞ்சாவது புக்ல யங் க்ரிஃப்னு ஒருத்தன் வர்றான், தலைமுடிக்கு நீலச் சாயம், படகுல ஒளிஞ்சு வளர்றான், ரேகரோட மகன் ஏகான்னு சொல்றாங்க, கொழந்தையா இருக்கறப்பவே சுவத்துல அடிச்சுக் கொன்னுட்டாங்கன்னு ஊரே நம்பிக்கிட்டிருக்கற அதே ஏகான், உளவு மந்திரி வேரிஸ் வேற கொழந்தைய மாத்தி வச்சுட்டு இவனக் காப்பாத்திட்டாராம். நெஜமா பொய்யா? அந்த புக்கோட கடைசி அத்தியாயத்துல வேரிஸ் கெவன் லானிஸ்டர அம்பு விட்டுட்டு, செத்துக்கிட்டிருக்கற மனுஷன்கிட்ட நின்னு ஏகான் வந்துட்டான், ராஜாவா இருக்கறது எப்படின்னு பழக்கி வளத்திருக்கோம்னு பேசறாரு. சாகப் போறவன்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்னு ஒரு கட்சி. அவர் அந்தப் பேச்சுல வளப்பப் பத்தித் தான் நீட்டி முழக்கறாரே தவிர ரேகர் மகன்னு ஒரு எடத்துலயாவது சொன்னாரான்னு கேக்கறது எதிர்க்கட்சி. நான் எதிர்க்கட்சி.

ஏன்னு கேட்டா, இல்லிரியோவப் பாருங்க. அந்தக் குண்டு வியாபாரி வீட்டுல டிரியனுக்குப் போட்டுக்க ஒரு சின்னப் பையனோட துணி கெடைக்குது, நல்ல வெலை ஒசந்த துணி, யாரோடது? செத்துப் போன அவர் பொண்டாட்டி செராவுக்குத் தங்க நிற முடில வெள்ளி ஓடியிருக்கும்னு எழுதியிருக்கு, அது எந்த வம்சத்து அடையாளம்? படகுக்குப் போற பெட்டில பையனுக்குப் புடிக்கும்னு சக்கரைப்பாகு இஞ்சி வச்சு அனுப்பறாரு, பாக்க முடியாமப் போச்சேன்னு மொகம் வாடறாரு, காசுக்கு மேல எதையும் நேசிக்காத மனுஷன். ஒப்பந்தத்த மீறாத கோல்டன் கம்பெனிங்கற கூலிப்படை இந்தப் பையனுக்காக மீறுது, அந்தக் கம்பெனிய ஆரம்பிச்சது பிளாக்ஃபயர் கட்சிக்காரர், அதாவது டார்கேரியன் வம்சத்துலேருந்து பிரிஞ்சு கறுப்பு டிராகன் கொடி புடிச்ச பங்காளிங்க. ஆக பையன் இல்லிரியோ மகன், தாய்வழில பிளாக்ஃபயர்.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு, அது நாலாவது புக்ல, இந்தப் பையன் கதைக்குள்ள வர்றதுக்கு ஆறு வருஷம் முன்னாடி, 2005ல வந்தது. ப்ரியன்ங்கற வீராங்கனை போற வழில ஒரு சத்திரத்தப் பத்தி மெரிபால்ட்னு ஒரு சாமியார் சும்மா போற போக்குல கதை சொல்றாரு. அந்தச் சத்திர வாசல்ல கறுப்பு இரும்புல செஞ்ச டிராகன் போர்டு தொங்குச்சு, அது கலகக்காரங்க சின்னம்னு அந்த ஊர்ப் பிரபு அத வெட்டித் துண்டாக்கி ஆத்துல வீசிட்டாரு, ரொம்ப காலம் கழிச்சு அதுல ஒரு தலை கரை ஒதுங்குச்சாம், துருப்புடிச்சு செவப்பா. செவப்பு டிராகன் யாரோட கொடின்னு உங்களுக்கே தெரியும். கறுப்பு டிராகன் தண்ணி தாண்டிப் போயி செவப்பாத் திரும்பி வருது! சத்திரத்துக் கதைன்னு தாண்டிப் போனவங்க தாண்டிப் போயாச்சு, நின்னு படிச்சவனுக்கு மயிர்க்கூச்செறியும். ஆனாலும் இது ஊகம் தான், மார்ட்டின் இன்னும் ஒண்ணும் சொல்லல, நாளைக்கு ஆறாவது புக்ல அவன் ரேகர் மகனே தான்னு எழுதிட்டார்னா நான் என்ன பண்ண முடியும்.

இப்ப சீரியலுக்கு வர்றேன். அங்க பதில் சொல்லாம விட்டது வேற ரகம், அது புதிர் இல்ல, அவசரத்துல சிந்தினது. செத்தவங்கள எழுப்பற நைட் கிங்கோட பனி ஆளுங்க மொத சீசன்லேருந்து பொணத்த வெட்டி தினுசு தினுசா அடுக்கி வைக்கிறாங்க, அப்புறம் குதிரைய சுழி மாதிரி அடுக்கறாங்க, குகைச் சுவத்துல அதே சுழி, 8வது சீசன் மொத எபிசோட்ல நைட் கிங் ஒரு சின்னப் பையனச் சுவத்துல ஆணியடிச்சு சுத்தியும் கையையும் காலையும் சுழியா வைக்கிறான், ரெண்டு எபிசோட் கழிச்சு ஆர்யா குத்தினதும் கண்ணாடி மாதிரி நொறுங்கிடறான், அந்தச் சுழி எதுக்குன்னு கதைக்குள்ள ஒருத்தரும் கேக்கல. அதே எபிசோட்ல இன்னொரு வேலை பாத்திருக்காங்க. 3வது சீசன்ல மெலிசாண்ட்ரேங்கற சூனியக்காரி ஆர்யாகிட்ட நீ மூடப் போற கண்ணுன்னு பிரவுன், நீலம், பச்சைன்னு சொல்றா. 8வது சீசன்ல அத ஞாபகப்படுத்தறப்ப பிரவுன், பச்சை, நீலம்னு மாத்தி நீலத்தக் கடைசிக்குத் தள்ளிட்டாங்க, நைட் கிங்குக்கு நீலக் கண்ணு பாருங்க, அப்பத் தானே கைதட்டு விழும். ரெண்டு சீனையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்க. முன்னாடியே திட்டம் போட்டு வச்ச பதில்னா வரிசைய மாத்த வேண்டிய அவசியமே வராது.

டோர்ன்ங்கற தெக்கு நாட்டோட புது இளவரசர் கடைசி எபிசோட்ல வந்து ஒக்காந்திருக்கார், பேரு கெடையாது. பாதாளச் சிறைல கட்டி வச்ச எலாரியா என்ன ஆனா? மீரீன்ல விட்டுட்டு வந்த டாரியோ? ட்ரோகன்ங்கற டிராகன் டெனேரிஸ் ஒடம்பத் தூக்கிக்கிட்டுக் கெழக்க எங்க போச்சு? ஜோஃப்ரி அம்மா செர்சிக்குச் சொன்ன ஜோசியத்துல தம்பி கழுத்த நெரிப்பான்ங்கற வரி புக்ல உண்டு, சீரியல்ல அந்த வரியவே வெட்டிட்டாங்க, கடைசில செங்கல் விழுந்து செத்தா, ஆக கேள்வியையே எடுத்துட்டா பதில் தேவையில்லன்னு ஒரு சுருக்கு வழி. 7வது சீசனுக்கு 7 எபிசோட், 8வதுக்கு 6ன்னு சுருக்கினா இப்படித் தான் ஆகும். இதுக்காகத் திரும்ப எடுக்கச் சொல்லி 2019ல பத்து லட்சம் பேருக்கு மேல கையெழுத்துப் போட்டாங்க, நான் போடல, பிடிக்கலன்னா திட்டலாம், திருப்பி எடுன்னு மனு போடறது அநியாயம், அதுல ராப்பகலா வேலை பாத்த லைட்மேனும் தையல்காரரும் என்ன பாவம் பண்ணினாங்க.

ரசிகர்களையும் நான் முழுசா ஆதரிக்கல. அந்த ஒலகத்துல குளிர்காலம் வருஷக்கணக்கா ஏன் நீளுதுன்னு சிலர் ரெண்டு சூரியன் கணக்கெல்லாம் போடறாங்க. பிரிஸ்டல் யுனிவர்சிட்டி காலநிலை விஞ்ஞானி டான் லன்ட் 2017ல சூப்பர் கம்ப்யூட்டர்ல அந்த ஒலகத்தோட மேப்ப ஏத்தி, அந்தக் கிரகத்தோட சாய்வு வருஷம் முழுக்க சூரியன் பக்கமே ஒரே மாதிரி இருக்கற மாதிரி அச்சு ஆடினா சீசன் நீளும்னு காட்டி, கட்டுரைய கதைல வர்ற சாம்வெல் டார்லி பேர்ல வெளியிட்டார். விளையாட்டுக்குப் பண்ணினது, நல்லாவும் இருந்துச்சு. ஆனா மார்ட்டின் காரணம் மாயம் தான், விஞ்ஞானம் இல்லன்னு எப்பவோ சொல்லிட்டார், அதுக்கப்புறமும் சண்டை போடறவங்களப் பாத்தா எனக்கும் எரிச்சல் வரும். ஆர்யாவுக்கு வாள் வித்தை சொல்லிக் குடுத்த சிரியோ ஃபொரெல் சாகல, வேஷம் மாத்திட்டு வந்துட்டார்னு சொல்றவங்க இன்னொரு குரூப், ஒடஞ்ச மரக்கத்தியோட கவசம் போட்ட ஆள எதிர்த்து நின்னாரு, அந்தக் கவசக்காரன் அடுத்து முழுசா நடமாடறான், வேற என்ன சாட்சி வேணும்?

ஆறாவது புக் இன்னும் வரல. 2016 ஜனவரில, போன வருஷக் கெடுவுக்குள்ள முடிக்க முடியலன்னு மார்ட்டினே வருத்தப்பட்டு எழுதினார், அதுக்கப்புறமும் எத்தனையோ வருஷம் ஓடிப்போச்சு. ஜான் ஸ்னோவக் கத்தியால குத்தி பனில போட்டது 2011ல, டிவில எழுந்து நடந்து ஊர் போயிச் சேந்துட்டான், புக்ல இன்னும் அங்கயே கெடக்கான். மூணு புக்னு ஆரம்பிச்சது ஏழாச்சு. வரைபடம் போட்டுக் கட்டறவன் நான் இல்ல, வெத போட்டுத் தண்ணி ஊத்தற தோட்டக்காரன்னு தன்னப் பத்தி அவரே சொல்லிக்குவார், அதுல வர்ற கஷ்டம் இது, வெதச்சது எல்லாம் ஒரே நேரத்துல காய்ச்சா எத மொதல்ல பறிக்கறது. அவர் வயசச் சொல்லி இருக்கறதுக்குள்ள முடிப்பாரான்னு உங்க கட்டுரைல ஒரு நக்கல் இருந்துச்சே, அது வேண்டாம் சார், நல்லா இல்ல. நம்ம ஊர்லயும் பொன்னியின் செல்வன் 54ல முடிஞ்சப்ப வாசகர்கள் அவங்க என்ன ஆனாங்க இவங்க என்ன ஆனாங்கன்னு தொளைச்செடுத்து, கல்கி முடிவுரைன்னு தனியா ஒக்காந்து ஒவ்வொருத்தர் கதையும் எழுதினார், அவங்களையும் வேலை இல்லாதவங்கன்னு சொல்வீங்களா?

அடுத்த ஞாயிறு டார்கேரியன் வம்சத்து முன்கதை சீரியல் ஹவுஸ் ஆஃப் த டிராகன் பத்தி ரெண்டாம் பாகம்னு போட்டிருக்கீங்க, அதுக்குத் தான் அவசரமா எழுதறேன். அந்தக் கதைக்கு மூலமான 2018 புக், கில்டெய்ன்ங்கற பண்டிதர் எழுதின வரலாறு மாதிரி எழுதினது, ஒரே சம்பவத்துக்கு சாமியார் யூஸ்டஸ் ஒண்ணு சொல்வார், மஷ்ரூம்னு ஒரு அரண்மனைக் கோமாளி வேற ஒண்ணு சொல்வான், அரண்மனை வைத்தியர் இன்னொண்ணு. ஹாரன்ஹால் கோட்டை தீப்புடிச்சு லயனல் ஸ்ட்ராங்கும் மகன் ஹார்வினும் செத்தாங்களே, வச்சது யாருன்னு புக்ல கடல்பாம்பு கொர்லிஸ் மேல ஒரு பேச்சு, ராஜா தம்பி டேமன் மேல ஒரு பேச்சு, லயனலோட இன்னொரு மகன் லாரிஸ் மேல ஒண்ணு, விசேரிஸ் ராஜா மேலயே கூட ஒண்ணு, எது நெஜம்னு முடிச்சு வைக்கவே இல்ல. டிவில மொத சீசன்லயே லாரிஸ் தான்னு காட்டிட்டாங்க. நாக்க வெட்டின கைதிகள விட்டுத் தீ வைக்கற அந்த சீன் எனக்கும் பிடிச்சுது, ஆனா அது டிவியோட பதில். கொர்லிஸ் மகன் லேனார் விஷயமும் அப்படியே, புக்ல செத்துப் போறாரு, டிவில தலைய மழிச்சுட்டுப் படகேறித் தப்பிச்சுடறாரு. அதனால பெட்டி போடறதா இருந்தா சீரியலுக்கு ஒரு கட்டம், புக்குக்கு ஒரு கட்டம்னு பிரிச்சுப் போடுங்க, முடிவு தெரியாத எடத்துல வெறுமையா விட்டுடுங்க. போன வாரத்துக் கத்தி, கோல்ட்ஹேண்ட்ஸ் ரெண்டுக்கும் அதே பக்கத்துல மூலைல ஒரு திருத்தம் போட்டாப் போதும், பெருசா வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்,
ஸ்ரீரங்கம்